பார்க்காமல் விட்ட கடல்

என் கையெழுத்து நன்றாக இராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ரகரமும் றகரமும் எனக்கு இன்னும் தடுமாறும். அச்சில் போடுகிறவர்கள் திருத்திக்கொள்ளுங்கள், வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் நின்று கதைக்க எனக்கு வராது. தொண்டை அடைத்துவிடும். எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்கமாட்டார்கள்.

அவருடைய பெயரை எழுதவில்லை. அவருடைய மகள் இப்போதும் கல்முனையில் எங்கள் ஒழுங்கையில்தான் இருக்கிறாள். நான் அவரைக் காக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிட்டேன். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். வளைகுடா நாடொன்றின் விமான நிலையத்தில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்துவிட்டு வந்தவர். பயணிகளின் காணாமல் போன பெட்டிகளைத் தேடிப் பிடிக்கிற பகுதி அது. ஊரில் சிலர் அவர் விமானம் ஓட்டியவர் என்றே நினைத்தார்கள். அவர் மறுத்துச் சொல்வார். "பெட்டி தேடினன். பிளேன் ஓட்டல்ல."

அவருடைய குணத்தைச் சொல்வதென்றால் கம்மல் தொலைந்த கதையைத்தான் சொல்ல வேண்டும். மகளின் கலியாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது அவளுடைய ஒரு காதுக் கம்மல் முற்றத்து மணலில் விழுந்துவிட்டது. வீடே தேடியது. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு அவர் வந்தார்.

"தேடியாச்சு வாப்பா, இல்ல" என்றாள் மகள்.

"தேடியாச்சு எண்டு சொல்லாத. எங்க தேடின எண்டு சொல்லு."

அவள் கையை வீசிக் காட்டினாள். அவர் கயிற்றுப் பந்தொன்றை எடுத்து வந்தார். முற்றத்தைக் கயிறு கட்டிக் கட்டமாகப் பிரித்தார். ஒவ்வொரு கட்டத்து மணலையும் அரிதட்டில் அரித்து வேறு பக்கம் கொட்டினார். மறுநாள் நடுப்பகல் லுஹர் தொழுகை வரைக்கும் அரித்தார். கம்மல் கிடைக்கவில்லை. கடைசிக் கட்டத்தையும் அரித்து முடித்துவிட்டு எழும்பிக் கை கழுவினார். முகத்தில் ஒரு கவலையும் இல்லை.

"அப்ப இது முத்தத்துல விழல்ல. போய்ப் புதுசு வாங்குவம்" என்றார்.

நான் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். பொருள் கிடைக்காவிட்டால் அவருக்குப் பரவாயில்லை. பார்க்காமல் விட்ட இடம் ஒன்று மிஞ்சினால்தான் அவரால் சாப்பிட முடியாது.

எங்கள் பக்கத்தில் மகளைக் கட்டிக் கொடுத்தால் வீட்டை அவளுக்கே கொடுத்துவிடுவார்கள். மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார். தாய் தகப்பன் பின்னால் ஒரு சின்ன அறையில் ஒதுங்கிக்கொள்வார்கள். அவருடைய மனைவி முன்பே மௌத்தாகிவிட்டார். மௌத் என்றால் இறப்பு. ஆகவே அவர் தனியாகப் பின்னால் தகரக் கூரை போட்ட அறையில் இருந்தார். மருமகன் ஆழ்கடல் படகில் போகிறவர். கலகலப்பான பொடியன். மாமனாரும் மருமகனும் நிறையக் கதைத்ததில்லை. ஆனால் கடலுக்குப் போகும் நாளில் அவர் வாசல் வரைக்கும் வந்து, "எத்தன நாளைக்குத் தண்ணி ஏத்தின?" என்று கேட்பார். அதுதான் அவர் பாசம்.

அந்தப் படகு ஆறு பேரோடு காணாமல் போனது. கடலில் காற்று எழும்பி நாலு நாள் அடித்தது. அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. அரசாங்கத்தார் விமானம் அனுப்பி ஆறு நாள் தேடினார்கள். பிறகு நிறுத்திவிட்டார்கள். தேடின இடத்தின் நாலு மூலையும் குறித்த தாள் ஒன்றைப் படகு முதலாளியிடம் கொடுத்தார்கள். அதன் போட்டோப் பிரதி ஒன்று காக்கா கைக்கும் வந்தது.

மகளுக்கு அப்போது இருபத்தாறு வயது. கணவன் மௌத்தானால் எங்கள் பெண்கள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் இத்தா இருப்பார்கள். அதை முடித்தால்தான் மறுபடி ஒரு வாழ்க்கை. ஆனால் இவள் இத்தா இருப்பதா வேண்டாமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பள்ளிவாசல் மௌலவி நல்ல மனிதர். அவர் வந்து திரைக்கு வெளியே இருந்து சொன்னார். "மௌத் எண்டு மனசுக்கு நிச்சயம் வரணும் புள்ள. அது வராம இத்தா இருக்க ஏலா. அவசரப்பட வேணாம்."

ஒரு வருடம் போனது. காணாமல் போனவரின் மனைவி என்று அவளை ஒரு கலியாணத்துக்கும் கூப்பிடவில்லை, சாவு நடந்த ஒரு மையத்து வீட்டிலும் முன்னால் இருத்தவில்லை. ஒரு நாள் அவள் தகப்பனிடம் சொன்னாளாம். "வாப்பா, நீங்க பாத்திட்டுச் சொல்லுங்க. ஒரு இடமும் மிச்சமில்ல எண்டு நீங்க சொன்னா நான் இத்தா இருக்கிறன்."

இதை அவரே என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு வெகுநேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் அவருடைய அறைக்குக் கணினி வந்தது. கல்முனைக் கடைத்தெருவில் பழைய திரைகள் மூன்று வாங்கினார். விமானத்தை ஓட்டும் கைபிடி ஒன்றை எங்கோ சொல்லி எடுப்பித்தார். விமானம் ஓட்டுவது போலவே வீட்டிலிருந்து ஓட்டிப் பார்க்கிற சிமுலேட்டர் அது. பொடியன்கள் விளையாட்டுக்கு வைத்திருப்பது. அதைக் கேம் என்று யாராவது சொன்னால் அவருக்குப் பிடிக்காது. தேடிப் போன விமானத்தைப் போன்ற இரண்டு இஞ்சின் விமானம் ஒன்றை அதில் தெரிந்தெடுத்தார். ஆறு மாதம் ஏற்றி இறக்கிப் பழகினார். பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்.

"ஒனக்குக் கடல் தெரியும். வலப்பக்கத்து ஜன்னலப் பாக்க எனக்கு ஒரு ஆள் வேணும்."

எங்கள் முஸ்லிம் படகுகள் வெள்ளிக்கிழமை கடலுக்குப் போவதில்லை. அதனால் சனிக்கிழமை விடியற்காலை மீன் வராது. நான் அப்போது கரையில் மீனுக்கு ஐஸ் உடைக்கிற வேலை செய்தேன். மீன் வராத நாளில் எனக்கும் வேலையில்லை. ஓம் என்றேன். இல்லை என்று சொல்லவும் எனக்கு வராது.

அவர் தேடியது படகை அல்ல. அதை நான் முதல் நாளே கேட்டுவிட்டேன்.

"காக்கா, இந்தக் கடல்ல படகும் இல்ல, ஒண்டும் இல்ல. நாம என்னத்தப் பாக்கிற?"

"படகு இரிக்காது. பாக்க ஏலுமா எண்டுதான் பாக்கிறம். வெயில் எந்தப் பக்கம் அடிச்சிச்சி, முகில் எங்க மறைச்சிச்சி, எவ்வளவு நேரம் அங்க நிண்டு பாக்க எண்ணெய் காணும். பிளேன்ல போன புள்ளைகள்ற கண்ணுக்குத் தப்பின இடம் எது? அது வேணும்."

அந்த ஆறு நாளின் நேரத்தையும் காற்றையும் முகிலையும் சிமுலேட்டருக்குள் கொடுத்திருந்தார். காலை எட்டு மணிக்குத் தொடங்குவோம். இடத்துக்குப் போக இரண்டு மணித்தியாலம். அங்கே வயல் உழுகிற மாதிரிப் போயும் வந்தும் மூன்றரை மணித்தியாலம். திரும்பி வர இன்னும் இரண்டு. இடப்பக்கத் திரையை அவர் பார்ப்பார், வலப்பக்கத் திரையை நான். வெயில் தண்ணீரில் பட்டுக் கண் கூசினால், "கூசுது" என்று நான் சொல்ல வேண்டும். முகில் மறைத்தால், "மறைச்சிட்டு." அவர் நேரத்தைப் பார்த்து ஒற்றை ரூல் கொப்பியில் குறிப்பார். இறங்கிய பிறகு அந்த இடங்களை வரைபடத்தில் சிவப்புப் பென்சிலால் தீட்டுவார். ஒரு நாளில் சிவப்பான இடத்தை இன்னொரு நாள் பார்த்திருக்கிறார்களா என்று சரி பார்க்க வேண்டும்.

நேரத்தை வேகமாக ஓட்டுகிற பொத்தான் ஒன்று அதில் உண்டு. போக வர நாலு மணித்தியாலம் ஒன்றுமில்லாத கடல்தானே, அதை அமத்தினால் என்ன என்று நான் கேட்டேன்.

"போற வழியில கண் களைக்குந்தானே. களைச்ச கண்ணோடதான் அவனுகளும் பாத்திருப்பானுகள். நாம புதுக் கண்ணோட பாத்தா அது களவு."

நாங்கள் களைத்தோம். ஆறு பறப்பையும் ஏழெட்டுத் தடவை திரும்பத் திரும்பப் பறந்தோம். நான் ஒரு தடவை கண்ணயர்ந்துவிட்டால் அந்தப் பறப்பு செல்லாது. ஒரு நாள் ஆறாவது மணித்தியாலத்தில் மின்சாரம் போய்விட்டது. மூன்று திரையும் கறுத்துவிட்டன. அவர் கைபிடியை விடாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். நடுவிலிருந்து தொடங்கலாமே என்றேன். "நடுவுல இரிந்து ஆரு வானத்துக்கு ஏறின?" என்றார். அடுத்த சனிக்கிழமை ஓடுபாதையிலிருந்து தொடங்கினோம்.

தேநீர்க் கடையில் எங்கள் இருவரையும் சும்மா விடமாட்டார்கள்.

"என்ன பைலட் காக்கா, இண்டைக்கு எந்த நாடு?"

"பக்கத்துல இரிக்கிறவருக்கு விசா இரிக்கா?"

"அவருக்கு ஐஸ்பெட்டிக்குள்ள சீட்டு!"

நான் தேநீர் கோப்பைக்குள் பார்ப்பேன். அவர் சிரிக்கவும் மாட்டார், கோபப்படவும் மாட்டார். மீன் வியாபாரி ஒருவர் ஒரு நாள் கெஞ்சிக் கேட்டார். "காக்கா, இந்த ஆயுசுல எனக்கு மக்கா போகக் கிடைக்குமோ தெரியா. ஒருக்கா ஜித்தா மட்டும் கூட்டிப் போய் மேலால காட்டுங்களேன்."

"வாங்க. பெரிய பிளேன்லயே அஞ்சு மணித்தியாலத்துக்கு மேல செல்லும். இடையில எழும்ப ஏலா."

மனிதர் குளித்து, அத்தர் பூசி, தொப்பி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். இந்தியாவைத் தாண்டுவதற்கு முன்னரே குறட்டை. காக்கா அவரை எழுப்பவில்லை. ஜித்தா வரைக்கும் கொண்டுபோய் இறக்கிவிட்டுத்தான் தட்டினார். "வந்திட்டம். எறங்குங்க." அவர் கண்ணைத் தேய்த்துக்கொண்டு, "கஃபா எங்க?" என்றார். "அது வர முந்தியே நீங்க நித்திர. திரும்பி வர இன்னும் அஞ்சு மணித்தியாலம், இரிக்கிறீங்களா?" மனிதர் செருப்பையும் மாறிப் போட்டுக்கொண்டு போனார்.

அவர் வாய்விட்டுச் சிரித்ததை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். அதுவும் என்னால். லுஹர் நேரத்தில் ஒருவர் திரையைப் பார்க்க மற்றவர் தொழுவோம். ஒரு சனிக்கிழமை நான் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவர் திரும்பிப் பார்த்தார்.

"என்ன கெதியா முடிச்சிட்டாய்?"

"ரெண்டு ரக்அத்துதானே காக்கா."

"ஏன் ரெண்டு?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. தூரப் பயணம் போகிறவர் நாலு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கித் தொழலாம். முந்நூறு கடல் மைல் தள்ளி நிற்கிறோம் என்ற நினைப்பில் நான் சுருக்கித் தொழுதுவிட்டேன். வீட்டுக் கதிரையை விட்டு எழும்பாமல் பயணி ஆகிவிட்டேன். அவர் கைபிடியைப் பிடித்தபடியே சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. விமானம் கொஞ்சம் சாய்ந்தது. "போ, போய் நாலாத் தொழுதிட்டு வா. ஒன்னோட பறக்கிறது பெரிய பொறுப்பு" என்றார். அந்தப் பறப்பும் செல்லாது என்று கொப்பியில் எழுதினார்.

இனி நான் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது.

காணாமல் போன படகின் முதலாளிக்கு இரண்டு படகுகள். மற்றப் படகில் அந்த நேரம் நான் வேலை செய்தேன். இலக்கம் எழுதத் தெரியும் என்பதால் வயர்லஸ் பெட்டிக்குப் பக்கத்தில் என்னை வைத்திருந்தார்கள். கடலில் ஒரு வழக்கம் உண்டு. மீன் நிறையப் பட்டால் நிற்கிற இடத்தை வயர்லஸில் உள்ளபடி சொல்லமாட்டோம். மற்ற ஊர்ப் படகெல்லாம் காது கொடுத்துக்கொண்டிருக்கும், மொய்த்துவிடும். ஆகவே மாற்றிச் சொல்வோம். எங்கள் இரண்டு படகுக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. எட்டுப் பாகை அகலக்கோட்டில் நின்றால் ஏழு என்போம். கேட்கிறவர் ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஒரு பாகை என்றால் அறுபது கடல் மைல். இது இரண்டு படகின் தண்டயல்மாருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். தண்டயல் என்றால் படகை நடத்துகிறவர்.

காற்று எழும்புவதற்கு முதல் நாள் பகல் காணாமல் போன படகின் தண்டயல் வயர்லஸில் வந்தார். ஏழு என்றார். சிரித்துக் கதைத்தார். மீன் பட்டிருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் கேட்டபடி ஏழு என்று கொப்பியில் எழுதினேன். எங்கள் படகு கரைக்கு வந்தது. அவர்கள் வரவில்லை.

படகைத் தேடச் சொல்லி மீன்பிடி அலுவலகத்தில் கூட்டம். மேசைக்கு அந்தப் பக்கம் சீருடை போட்ட பெரியவர்கள். முதலாளி என் கொப்பியை விரித்து ஏழு என்று சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் தண்டயல் பக்கத்தில் நின்றார். நான் திருத்தித்தான் எழுதியிருப்பேன் என்று அவர் நினைத்தார். அவர் திருத்திச் சொல்லியிருப்பார் என்று நான் நினைத்தேன். நான் கதவுக்குப் பக்கத்தில், பத்துப் பதினைந்து பேருக்குப் பின்னால் நின்றேன். சிங்களமும் இங்கிலீசும் தமிழுமாகக் கதை நடந்தது. ஏழு, ஏழு என்று எல்லார் வாயிலும் கேட்டது. வாயைத் திறக்கப் பார்த்தேன். எல்லாரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள் என்ற நினைப்பு வந்தது. தொண்டை அடைத்துவிட்டது.

தேடினவர்கள் தங்களுக்குச் சொன்ன இடத்தைச் சரியாகத்தான் தேடினார்கள். அதை நானே வலப்பக்க ஜன்னலில் இருந்து பார்த்தேன், ஒரு வருடத்துக்கு மேல். தாளில் குறித்த அந்த நாலு மூலைக்குள் எட்டு இல்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் இன்றைக்குச் சொல்லிவிடுவேன் என்று போனேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் "கூசுது", "மறைச்சிட்டு" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

சிவப்பு குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் வரைபடத்தில் ஒரு விரல் அகலத்துக்குத்தான் இருந்தது. அதையும் ஆறாம் நாள் விமானம் பார்த்திருக்கிறதா என்று ஒரு தடவை பறந்தால் முடிந்தது. அந்தக் கிழமை மகள் இத்தாவில் உடுக்க வெள்ளைச் சீலை வாங்கி வைத்தாள். மதிலுக்கு மேலால் கொடியில் நனைத்துப் போட்டிருந்தது தெரிந்தது. அந்தக் கடைசிப் பறப்புக்கு அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின், இறந்தவருக்கு வைக்கிற ஜனாஸாத் தொழுகையை உடல் இல்லாமலே வைப்பதாக மௌலவியிடமும் கதைத்திருந்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை அந்த விரலகலத்தையும் பார்த்தோம். கண் கூசவில்லை, முகில் மறைக்கவில்லை. சுத்தமாகத் தெரிந்தது. அவர் ஒரு பெருமூச்சு விட்டு விமானத்தைக் கரைப் பக்கம் திருப்பினார். இரண்டு வருடத்தில் அவருடைய தோள் அன்றைக்குத்தான் கொஞ்சம் இறங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் என்னால் இருக்க முடியவில்லை.

"காக்கா, ஒரு கத இரிக்கி."

"எறங்கினாப் பொறகு சொல்லு."

"எறங்கினா நான் சொல்லமாட்டன்."

அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "சொல்லு."

சொன்னேன். என் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். 

"எப்பவும் மாத்தித்தான் சொல்றயா?"

"மீன் பட்டா மட்டும்."

"அண்டைக்குப் பட்டிச்சா?"

"சிரிச்சிக் கதைச்சாரு."

"நீ அந்த அலுவலகத்துல நிண்டயா?"

"நிண்ட காக்கா."

"ஏன் சொல்லல்ல?"

"எல்லாரும் பெரிய மனிசர். மாறிச் சொல்ல வெக்கமா இரிந்திச்சி."

"இஞ்ச நான் ஒராள்தானே இரிந்தன்" என்றார்.

 கரை வந்தது. எப்போதும் போல மெதுவாக இறக்கினார். இஞ்சினை நிறுத்தினார். கொப்பியை எடுத்து எழுதினார். எனக்குத் தெரியும்படி எழுதினாரா தெரியாது, நான் வாசித்தேன். 'பறப்பு சரி. இடம் பிழை.' பேனையை மூடிவிட்டு, "போ" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகை நடக்கவில்லை. என்ன காரணம் என்று அவர் யாருக்கும் சொல்லவில்லை. சனிக்கிழமை நான் போகவில்லை. பத்து மணிபோல மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து மகளின் குரல் கேட்டது.

"சாச்சா, வாப்பா வரட்டாம்."

போனேன். மேசையில் புது வரைபடம் விரித்திருந்தது. எட்டை நடுவில் வைத்துப் புதிதாக நாலு மூலைப் பெட்டி கீறியிருந்தார். போக வர எண்ணெய் கணக்குப் பார்த்து, ஆறு நாளுக்கும் கோடுகள் போட்டிருந்தார். இரவெல்லாம் நித்திரை இல்லை என்பது கண்ணில் தெரிந்தது.

"இரி" என்றார். "எட்டுல இரிந்து தொடங்குவம்."

வீட்டுக்கும் அந்த அறைக்கும் நடுவில் கதவில் ஒரு திரைச்சீலை தொங்கும். அதற்குப் பின்னாலிருந்து மகள் கதைத்தாள்.

"இன்னும் எத்தன கிழமை வாப்பா?"

"கொஞ்ச நாள்தான் மனே."

"எங்க தேடுவீங்க எண்டு கேக்கல்ல. எத்தன கிழமை?"

அவர் கோடுகளை எண்ணினார். "ஒரு அம்பது."

"அங்க பிளேன் போகவே இல்லையே. போகாத பிளேன எப்படித் திருப்பி ஓட்டுவீங்க?"

அவர் பென்சிலைக் கீழே வைத்தார்.  திரைச்சீலை கொஞ்சம் அசைந்தது. அவள் என்னிடம் கேட்டாள்.

"சாச்சா, நீங்க கடலுக்குப் போன ஆள். எட்டுல பாத்திருந்தா ஆக்கள் இரிந்திருப்பாங்களா?"

"அந்த நேரம் பாத்திருந்தா, இரிந்திருக்கலாம் புள்ள." பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"இப்ப?"

நான் நிலத்தைப் பார்த்தேன். காக்காவும் என்னைப் பார்க்கிறார் என்று தெரிந்தது.  திரைக்குப் பின்னால் அவள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

"இல்ல புள்ள. இருபது நாளைக்குத்தான் தண்ணி ஏத்தினது. அந்தக் காத்துல படகே நிண்டிருக்காது. ஒருத்தரும் இல்ல."

என் வாழ்க்கையில் அவ்வளவு உரத்து நான் கதைத்ததில்லை. அவள் அழவில்லை. "எனக்கு அது போதும் வாப்பா" என்றாள். "நான் இத்தா இரிக்கப் போறன்."

"பாக்காம விடச் சொல்றயா?"

"ஓம் வாப்பா."

அவர் வரைபடத்தை மடிக்கவில்லை. மெதுவாக மேசையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான் அவர் கொடுத்த சம்மதம். மகள் உள்ளே போன பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மற்ற அஞ்சு வீட்டுக்கும் நீயே போய்ச் சொல்லணும். அவங்களும் பிழையான கடலத்தான் பாத்திட்டு இரிக்காங்க. நான் சொல்லமாட்டன். அது ஒன்ட கத."

வெள்ளிக்கிழமை ஜனாஸாத் தொழுகை நடந்தது. அவர் முதல் வரிசையில் நின்றார். மகள் இத்தாவுக்கு அமர்ந்தாள். வேற்று ஆண்கள் அந்த வளவுக்குள் போகக் கூடாது என்பதால் நானும் போகவில்லை. மூன்று திரைக்கும் மேலால் அவர் படுக்கைச் சீலையைப் போட்டு மூடிவிட்டதாக நான் ஐஸ் உடைக்கிற வாடியில் யாரோ சொன்னார்கள். அவர் மறுபடி பறக்கவில்லை. பள்ளிவாசலில் செருப்புப் போடும் இடத்தில் என்னைக் கண்டால் கேட்பார்.

"போனயா?"

"இல்ல காக்கா."

வேறொன்றும் சொல்லமாட்டார். குரலில் கோபமும் இராது. களைப்புத்தான் இருக்கும். மாதங்கள் போயின. மகளின் இத்தா முடிந்து, அவளுக்கு மறுபடி ஒரு சம்பந்தமும் வந்து, அதுவும் நடந்தது. அவர் கேட்பதை நிறுத்தவில்லை. இந்த நோன்பில் பத்தொன்பதாம் நாள் தராவீஹ் இரவுத் தொழுகை முடிந்து படியிறங்கும்போதும் கேட்டார். "போனயா?" நான் இல்லை என்றேன். "ம்" என்றார். இருபத்து மூன்றாம் நோன்பு அன்று மௌத்தாகிவிட்டார். கபுறுக் குழிக்குள் நானும் மூன்று பிடி மண் போட்டேன்.

பெருநாள் கழிந்து நான் புறப்பட்டேன். முதலில் நிந்தவூரில் இரண்டு வீடு. ஒரு வீட்டில் தகப்பன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இப்ப ஏன் தம்பி சொல்றீங்க?" என்றார். அவ்வளவுதான். மற்ற வீட்டில் தேநீர் தந்தார்கள், குடிக்க முடியவில்லை. தண்டயலின் வீட்டில் அவருடைய மனைவி, "அப்ப எங்கட மனிசன் பொய் சொன்னாரெண்டா சொல்ல வாறீங்க?" என்று கேட்டுக் கதவைச் சாத்திவிட்டார். அவரைக் குறை சொல்லமாட்டேன். நாலாவது வீட்டில் அண்ணன்காரன் என் சட்டையைப் பிடித்தான். பிறகு விட்டான்.

ஐந்தாவது வீடு திருக்கோவிலில். தமிழ்ப் பொடியன், அந்தப் படகில் சமையலும் பார்த்தவன். தாய் மட்டும் இருந்தார். வீட்டுக்குப் பின்னால் கடல். மணலில் ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டு, கடலுக்கு நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகன் போனதிலிருந்து பின்னேரங்களில் அங்கேதான் இருப்பாராம். நான் பக்கத்தில் குந்தி, எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவர் கோபப்படவில்லை. கடலைப் பார்த்தபடியே கேட்டார்.

"படகு எனக்கு நேரே எண்டுதானே மனே சொன்னவங்க?"

"அது ஏழு அம்மா. அது உங்களுக்கு நேரேதான். எட்டு வடக்கால இரிக்கி."

"எவ்வளவு வடக்கால?"

நான் கையை நீட்டிக் காட்டினேன். அவர் எழும்பிக் கதிரையைத் திருப்பப் பார்த்தார். கதிரையின் கால்கள் மணலில் புதைந்திருந்தன. நான் பிடித்துத் தூக்கித் திருப்பினேன். அவர் உட்கார்ந்து பார்த்தார்.

"இவ்வளவா?"

"அவ்வளவு வேணாம் அம்மா. கூடிப் போச்சு."

மறுபடி எழும்பினார். கொஞ்சம் திருப்பினேன். முதலில் இருந்ததற்கும் இப்போது இருப்பதற்கும் மணலில் ஒரு சாண்தான் வித்தியாசம்.

"இவ்வளவுதானா மனே?"

"இவ்வளவுதான். இஞ்ச ஒரு சாண். அங்க அறுபது மைல்."

அவர் சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்துவிட்டு அந்தப் பக்கம் பார்க்கத் தொடங்கினார். கடைசி பஸ் வரும் வரைக்கும் நானும் அங்கேயே இருந்தேன்.

எழுதி முடித்தது: துல்கஃதா மாதம், பிறை ஒன்பது, சனிக்கிழமை.